சோளக்கட்டையைப் பழக்கிய நாட்கள்

செஞ்சியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிற சந்தில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்தத் தாலுகாவில் எந்த நிலத்துக்குக் கிழக்கே யாருடைய கிணறு இருக்கிறது, எந்த வரப்பால் எந்த அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பத்திரத்தில் எழுதியது எவ்வளவு முக்கியமோ, எழுதாமல் விட்டது அதைவிட முக்கியம் என்பதும் தெரியும். இந்த இரண்டாவது ஞானம்தான் என்னைக் கெடுத்தது.

அப்போது நான் தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பவன். ஒரு வைகாசி மாதம், தளவானூர்ப் பக்கத்தில் இருந்த பூர்வீக நிலத்தை விற்க அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்தார். நான் எழுதிய வரைவைப் படித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வாயில் வைத்தார். ஏதோ ஆஸ்துமா மருந்து என்று நினைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டேன். கிட்டப் பார்த்தால் மக்காச்சோளக் கட்டை. மணியை உதிர்த்த பிறகு நாம் அடுப்பில் போடுகிறோமே, அதே கட்டை. அதைக் குட்டையாக அறுத்து, நடுவில் குழியாகக் குடைந்து, பக்கவாட்டில் ஒரு மரக்குழலைச் செருகி, குழலின் முனையில் பிளாஸ்டிக் வாய் வைத்து, மேலே மெருகு பூசியிருந்தார்கள்.

"அங்க ஒரு காலத்துல ஏழை விவசாயிங்க புடிச்சதுங்க. இப்ப என்ன மாதிரி ஆளுங்க புடிக்கிறோம்" என்றார் அவர், அடக்கமாக.

ஏழையின் பொருள் பணக்காரனின் ரசனை ஆவதற்கு நடுவில் ஒரு பூச்சு மெருகுதான் தேவைப்படும்போலிருக்கிறது. பதிவு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது புத்தம் புதிதாக ஒரு சோளக்கட்டைப் பைப்பும் இரண்டு டப்பா புகையிலையும் எனக்குப் பரிசாகக் கொடுத்தார். "சிகரெட் மாதிரி நெஞ்சுக்குள்ள இழுக்கக்கூடாது சார். வாயில வெச்சி வெளிய விட்டுடணும். ஆனா புதுசுல நேரா புடிச்சா கசக்கும். பழக்கணும்" என்று சொல்லி, பழக்குகிற முறையை ஒன்று இரண்டு என்று அடுக்கினார். தொழில் புத்தி, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டேன். பைப்பையும் தாளையும் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அப்போதைக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

எனக்கு ஒரே மகள். திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கட்டிக்கொடுத்ததும் அதே ஊரில்தான். ஆனி பிறந்ததும் போன் செய்து, இரண்டு மாதம் என்றாள். என் மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் போனைக் காதில் வைத்தபடி சந்தோஷத்தில் வாசலுக்குப் போய் ஒரு சிகரெட் பற்றவைத்தேன். தீக்குச்சி உரசிய சத்தம் திண்டிவனம் வரை கேட்டுவிட்டது.

"நைனா, மொத பிரசவம் நம்ம வூட்லதான். எனக்கும் அதான் ஆசை" என்றாள் மகள். "ஆனா சிகரெட்டு இருக்கிற வூட்டுக்கு நான் கொழந்தைய எடுத்துக்கினு வரமாட்டேன். நான் வார்டுல தெனம் பாக்கறேன் நைனா, மூச்சுக்கு இழுத்துக்கினு கெடக்குற பச்சப் புள்ளைங்கள."

நான் உருகிப்போனேன். நிஜமாகவே உருகினேன். என் தில்லுமுல்லுகள் எல்லாமே நிஜமான உருக்கத்துக்குப் பிறகுதான் தொடங்கும்.

என் மனைவி உருக்கத்தை நம்புகிறவள் இல்லை, கற்பூரத்தை நம்புகிறவள். அந்த அமாவாசைக்கே என்னை மேல்மலையனூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ராத்திரிக் கூட்டத்தில் மூச்சு முட்டும் என்று காலையிலேயே போய்விட்டோம். அமாவாசைக்கு அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது விட்டுவிடுவதாக அங்காளம்மனிடம் சத்தியம் செய்ய வருகிறார்கள்; மீதிப் பேர் போன தடவை செய்ததை மீறியதற்கு மன்னிப்புக் கேட்க வருகிறார்கள். ஸ்பெஷல் பஸ் இரண்டு தரப்புக்கும் பொது. ஆனால் வாய்ச் சத்தியத்தைத்தான் அப்படி மீறிவிட்டு வர முடியும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன வார்த்தையை மீற எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூடக் கற்பூரம் அடி என்றால் செருப்பைத் தேடுவான்.

ஒரு கல்லின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி, "சொல்லுங்க" என்றாள் மனைவி.

"இன்னிலேர்ந்து சிகரெட்டு, பீடி ரெண்டையும் தொடமாட்டேன்."

"சுருட்டு?"

"சுருட்டும் தொடமாட்டேன்."

"மூக்குப்பொடி?"

"அதுவும்தான். வெத்தலையில வெச்சி மெல்ற பொகையிலயும் போடமாட்டேன்."

நானாகவே முன்வந்து கஞ்சாவையும் சேர்த்துக்கொண்டேன். வாழ்நாளில் கஞ்சாவைக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் தாராளமாக விட்டுக்கொடுத்தேன். என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. புகை பிடிக்க மாட்டேன் என்று மொத்தமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதில் அடங்கியிருக்கும். அதை நான் சொல்லவில்லை. தோப்பு விற்கிற பத்திரத்தில் மரங்களைப் பெயர் பெயராக எழுதி ஒரே ஒரு மரத்தை விட்டுவிட்டால், விட்ட மரம் விற்றவனுக்கே என்று வழக்காடலாம். என் மேசை இழுப்பறையில் அப்படி ஒரு மரம் படுத்துக்கொண்டிருந்தது. கற்பூரத்தை ஓங்கி அடித்தேன். சுட்டுவிட்டது. என் மனைவி கையைப் பிடித்து ஊதிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலமே பழக்க ஆரம்பித்தேன்.

பழக்குவது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. புது மண்சட்டி வாங்கினால் நாலைந்து நாள் வடிகஞ்சி ஊற்றிவைத்துப் பழக்கிய பிறகுதான் அதில் குழம்பு வைப்பார்கள். சோளக்கட்டையும் அந்த இனம்தான். முதல் ஒரு வாரம் குழியில் பாதிக்கு மேல் புகையிலை நிரப்பக்கூடாது. அடியில் லேசாகவும் மேலே போகப் போகக் கொஞ்சம் இறுக்கமாகவும் வைக்க வேண்டும். பற்றவைத்தால் புகையிலை உப்பி எழும். அதை ஓர் ஆணியின் தலையால் மெல்ல அமுக்கிவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அப்புறம் அவசரமே கூடாது. கொதிக்கிற காபியை உறிஞ்சுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சுட்டால் கீழே வைத்துவிட வேண்டும். அதற்காகப் பாதியில் கொட்டிவிடவும் கூடாது, அடி வரை எரிந்து முடிய வேண்டும். அப்படிப் பிடித்துப் பிடித்துக் குழியின் உள்சுவரில் மெல்லிய கரிப்பூச்சு படிந்த பிறகுதான் பைப் பழகியதாக அர்த்தம். அந்தக் கரிதான் கட்டை எரிந்துபோகாமல் காக்கும், ருசியையும் கொடுக்கும்.

ருசி பின்னால்தான் வந்தது. முதல் பத்து தடவை வாய்க்கு வந்தது மெருகு எரிந்த நாற்றமும், குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரக்குழல் கருகிய கசப்பும்தான். அவசரக்காரன், வேகமாக இழுத்து நாக்கு நுனியைப் புண்ணாக்கிக்கொண்டேன். மூன்று நாள் ரசம்கூட எரிந்தது. "சிகரெட்ட வுட்டதுல ஒடம்பு சூடு வெளிய வருதுங்க" என்று என் மனைவி வேளைக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். வெட்கமில்லாமல் குடித்தேன்.

இடம் ஒரு பிரச்சினையாக இல்லை. என் கடைக்குப் பின்னால் ஒரு காலிமனை. அதற்கு அப்பால் ராஜகிரி மலை. பதிவு அலுவலகம் மூடிய பிறகு அங்கே நாற்காலி போட்டு, கோட்டையைப் பார்த்தபடி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால், மலையையே என் பெயருக்குக் கிரயம் செய்துகொண்ட நினைப்பு வரும். டீக்கடைக்காரர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்ப்பார். "இன்னா சார், மாட்டுக்கு மருந்து ஊத்துற கொழாவ வாயில வெச்சிக்கினு கீறீங்க?" என்று ஒரு நாள் கேட்டார். இது சிகரெட் இல்லை, இது ஒரு கலை என்று அவருக்கு விளக்கினேன். "கலைன்னா வூட்ல வெச்சி புடிக்கலாமே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பராமரிப்பு என்று வந்துவிட்டால் நான் ஒரு தாய். பிடித்து முடித்ததும் சூடு ஆறும் வரை பிளாஸ்டிக் வாயைக் கழற்றக்கூடாது. கழற்றினால் இணைப்பு தளர்ந்துவிடும். ஆறிய பிறகு உள்ளே இருக்கும் ஈரத்தை எடுக்க வேண்டும். அதற்கென்று விற்கிற பஞ்சுக் கம்பி செஞ்சியில் கிடைக்காததால் கோழிக்கடையில் இறகு கேட்டு வாங்கினேன். "காது கொடையவா சார்?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். இறகை விட்டுத் துழாவி, சாம்பலைத் தட்டி, குழிக்குள் படிந்த கரியை விரலால் தடவிச் சமன் செய்து, துணியில் நிறுத்திவைப்பேன். தண்ணீர் மட்டும் படவே கூடாது. பட்டால் கட்டை ஊறி உப்பி, காய்ந்ததும் வெடித்துவிடும். முக்கியமாக, ஒரு நாள் பிடித்தால் மறுநாள் முழுக்க அதற்கு ஓய்வு. உடம்பு சரியில்லாத நாளிலும் நான் கடை திறந்திருக்கிறேன். என் சோளக்கட்டை இரண்டு நாள் தொடர்ந்து உழைத்ததில்லை.

வீட்டுக்குப் போவதற்கு முன் வாய் கொப்பளித்து, லவங்கம் மென்று, சட்டை மாற்றிக்கொள்வேன். இருந்தும் அந்தப் புகையிலையின் வெண்ணிலா மணம் முழுதாகப் போகாது. ஒரு நாள் மனைவி மூக்கை உறிஞ்சிவிட்டு, "கேக்கு சாப்ட்டீங்களா? சுகர வெச்சிக்கினு?" என்று அதட்டினாள். தலையைக் குனிந்து, ஒரு துண்டுதான் என்று ஒப்புக்கொண்டேன். தின்னாத கேக்குக்காக ஒரு வாரம் சர்க்கரை இல்லாத காபி குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் போன் செய்வாள். "நைனா, இன்னும் தாக்குப் புடிக்கிறீங்களா?" என்பாள். "சிகரெட்ட தொட்டு மூணு மாசம் ஆச்சும்மா" என்பேன். எந்தக் கோர்ட்டிலும் நிற்கிற வாக்கியம். அவள் வார்டில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாளாம். இங்கே என் மனைவி பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, தூளிக்கான கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்து, பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துக் குழந்தைத் துணியாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வந்து சேர வேண்டியது மட்டும்தான் பாக்கி. உண்மையான வார்த்தைகளாலேயே ஒருவரை ஏமாற்றும்போது குற்ற உணர்ச்சி வருவதில்லை, திறமையாகத்தான் தோன்றுகிறது.

அப்படியே ஆயுத பூஜை வந்தது.

என் கடையில் கம்ப்யூட்டரில் டைப் செய்ய ஒரு பெண் இருக்கிறாள். வேலையில் சூரப்புலி. அன்று காலை நான் மாலையும் பொரியும் வாங்கப் பஜாருக்குப் போன நேரத்தில், கடையை ஒட்டடை அடித்து, இழுப்பறைகளை எல்லாம் காலி செய்துவிட்டாள். நான் திரும்பி வரும்போது சுண்டல் தூக்கோடு என் மனைவியும் வந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் சாமி படம். அதன் முன்னால் பேனாக்கள், ஸ்டேப்ளர், முத்திரை, மை அட்டை, துளை போடும் கருவி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. நட்டநடுவில், நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு என் பைப்.

"இது இன்னாதுங்க?" என்று மனைவி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். யாரோ பத்திரத்துக்கு வந்தவர் விட்டுவிட்டுப் போனது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் நான் பைப்பைத்தான் பார்த்தேன். சொதசொதவென்று ஊறிப்போயிருந்தது.

"தண்ணியில கழுவினியாம்மா?" என்று கத்திவிட்டேன்.

"ஆமா சார்" என்றாள் டைப்பிஸ்ட் பெண், பாராட்டை எதிர்பார்த்து. "எல்லாத்தையும் கழுவினேன். இதுக்குள்ளதான் ஒரே கரி. ஸ்பூன் வெச்சி சொரண்டி, பவுடர் போட்டுத் தேய்ச்சி எடுக்கறதுக்குள்ள கையே வலிக்குது."

நாலு மாதக் கரி! இதை யாராவது கழுவுவார்களா, இறகு விட்டுத்தானே துடைக்க வேண்டும், அந்தக் கரியை ஏற்ற எத்தனை நாள் நாக்கு வெந்தது தெரியுமா, பாதிப் பாதியாக நிரப்பி, அடி வரை பிடித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு கொடுத்து என்று பழக்குகிற சாஸ்திரம் முழுவதையும் ஆயுத பூஜை மேசை எதிரில் நின்று ஒப்பித்தேன். நடுவில் ஒரு வார்த்தைகூட விடவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக முழுமையான வாக்குமூலம் அதுதான்.

முடித்த பிறகுதான் யார் எதிரில் ஒப்பித்தேன் என்பது உறைத்தது. என் மனைவி சுண்டல் தூக்கைக் கீழே வைத்தாள்.

"ஒரு நாள் புடிச்சா மறுநாள் அதுக்கு லீவா?"

"ஆமா."

"கல்யாணம் ஆயி இருபத்தெட்டு வருசம் ஆவுது. எனக்கு ஒரு நாளு லீவு வுட்டிருக்கீங்களா?"

அவள் எழுந்து கற்பூரம் ஏற்றினாள். படத்துக்குக் காட்டினாள், பேனாவுக்குக் காட்டினாள், பைப்புக்கும் காட்டினாள், கடைசியில் தட்டை என்னிடம் நீட்டினாள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "கேக்கு" என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வாசலில் செருப்பு போடும்போது திரும்பி, "பொண்ணுகிட்ட நான் பொய்யும் சொல்லமாட்டேன், நெஜமும் சொல்லமாட்டேன். நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தேன். அந்த இரண்டு நாளில் வாதங்களை நன்றாக அடுக்கி வைத்திருந்தேன். சிகரெட் வேறு, பைப் வேறு, நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வீட்டில் பிடித்ததே இல்லை, சத்தியத்தில் எந்த வார்த்தையையும் மீறவில்லை. என் மகள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். நர்ஸ்களுக்கு அந்தப் பொறுமை உண்டு. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நைனா, கற்பூரம் அடிச்சீங்களே, அன்னிக்கே இது உங்ககிட்ட இருந்துச்சா?"

தினமும் தேதி எழுதுகிற கை என்னுடையது. பைப் வந்த தேதி எனக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்புறம்தான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

"இருந்துச்சும்மா" என்றேன்.

"சரி நைனா. நான் இங்கியே பெத்துக்கறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கார்த்திகையில் வளைகாப்பு. வளையல், பூ, ஏழு வகைச் சோறு என்று எல்லாம் எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனோம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். நாங்கள் காலிப் பாத்திரங்களோடு வந்தோம். பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். யாராவது கேட்டால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம் என்று பதில் சொன்னோம். அதுவும் உண்மையான வாக்கியம்தான்.

போன் பேசிய அன்றைக்கே பைப்பைத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசை. எறியவில்லை. நிழலில் காயவைத்தேன். சொன்னபடியே அது வெடித்தது. வெடிப்பில் சாம்பலும் தேனும் குழைத்துப் பூசி, மறுபடி பாதிப் பாதியாக நிரப்பி ஆரம்பித்தேன். நான் அப்படிப்பட்டவன்தான். மார்கழியில் ஒரு நாள் பின்கட்டு அறையைத் திறந்தேன். சுண்ணாம்பு வாசனையோடு, மடித்த துணிகள் அப்படியே இருந்தன. என் மனைவி அதிலிருந்து பாதியை எடுத்துப் பையில் அடைத்துக்கொண்டு, பிரசவத்துக்குத் துணையாகத் திண்டிவனம் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் வரமாட்டேன் என்றாள். அன்றுதான் விட்டேன். எந்தக் கோயிலுக்கும் போகவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

தை கடைசியில் பேத்தி பிறந்தாள். போய் நின்றேன். என் மகள் குழந்தையைக் கொடுப்பதற்கு முன் என் வலது கையை எடுத்து, விரல் விரலாக முகர்ந்து பார்த்தாள். இடது கையையும் பார்த்தாள். பிறகுதான் கையில் கொடுத்தாள். நான் விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. என் வாயிலிருந்து வருகிற வாக்கியத்துக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் இதே பரிசோதனை. கையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

பேத்திக்கு இப்போது ஒன்றரை வயது. நடக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். மற்ற யார் வந்தாலும் கை ஆட்டுகிறாள், கன்னத்தில் முத்தம் கொடுக்கிறாள். என்னிடம் வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்து, சின்ன மூக்கை வைத்து ஒவ்வொரு விரலாக முகர்ந்தாள். முகர்ந்து முடித்துவிட்டு, எல்லாம் சரியாகச் செய்துவிட்ட சந்தோஷத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாத்தா வந்தால் இப்படித்தான் வரவேற்க வேண்டும் என்று அவளுக்குப் படிந்துவிட்டது. என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் இன்னொரு கையையும் நீட்டினேன்.